ஈரச் சாக்கு

நனைத்த சாக்கைப் புல்லின் மேல் விரித்து, அதன் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டி மாடு மாதிரி இழுத்துப் போனான் ஞானதாஸ்.

கோயில் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கஸ்பார் கத்தினார்.

"டேய், கோயில் புல்லுடா அது. களத்துமேடுன்னு நெனச்சியா?"

"முள்ளெல்லாம் சாக்குல ஒட்டிக்கும்ப்பா. நீங்க ஒரு நாளெல்லாம் முட்டி போட்டுத் தேடறதை இது ஒரு இழுப்புல தேடிரும்," என்று மகன் சிரித்தான்.

கஸ்பாரின் வழி வேறு. மாதா திருநாளுக்கு முந்தின நாள், புல்லை மிஷினில் வெட்டி முடித்ததும், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முட்டி போட்டே நகர்வார். கையில் ஜெபமாலை உருளும். நெருஞ்சிச் செடியைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கிவிடலாம். புல்லுக்குள் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த முள் கண்ணுக்குத் தெரியாது. முட்டிக்குத்தான் தெரியும்.

திருநாள் மாலை ஆசீர்வாதத்துக்கு ஊரே அந்தப் புல்லில்தான் முழந்தாளிடும். அவர்களைக் குத்த வேண்டியது முன்னாலேயே தன்னைக் குத்திவிடட்டும் என்று நினைப்பார்.

போன வருடம் ஒரு முள் தப்பிவிட்டது. முழந்தாளிட்ட சகாயம்மாள், "ஐயோ, மாதாவே!" என்று போட்ட கூச்சல் மணியோசையையும் மீறிக் கேட்டது.

"இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, புல்லைப் பேத்துட்டு சிமெண்டு போட்டுரலாம் கஸ்பாரு," என்றார் பங்குச் சாமியார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

வெண்ணந்தூர் வாய்க்கால் கரையிலிருந்து அருகம்புல்லை வேரோடு கஸ்பாரே சுமந்து வந்து நட்ட தரை அது. பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரையோடு மல்லுக்கட்டி, கோடையில் குடம் குடமாக ஊற்றி வளர்த்த பச்சை. இந்த வருடம் பார்த்து, கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து, அவர் முட்டி பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது.

"எனக்காக நீ ஒருக்கா முட்டி போட்டுப் பாருடா," என்று மகனிடம் கெஞ்சியும் பார்த்துவிட்டார்.

"ஏப்பா, மில்லுல எட்டு மணி நேரம் நின்னுட்டு நேரா இங்கே வாரேன். முள்ளு போகணும், அவ்வளவுதானுங்களே? ஒடம்பு வலிச்சாத்தான் வேலையா?"

கஸ்பார் வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டார். மில் சங்கு ஊதினால் கையை உதறிவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

இழுத்து முடித்ததும் சாக்கை வேலியில் விரித்துப் போட்டான். அதில் முள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. "பாத்தீங்களா?" என்று காட்டினான். "நீங்க வண்டியில ஊட்டுக்குப் போங்க. நான் மிஷினைத் தொடச்சு வச்சுட்டு, ஒரு டீயைக் குடிச்சுட்டு வாரேன்."

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். அப்படி என்ன டீ என்று கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஆகஸ்டு பதினைந்து. மில்லுக்கு லீவு, மாதாவுக்குத் திருநாள்.

மாலையில் லத்தீன் பாட்டு முடிந்து மணி அடித்தது. புல்தரை முழுக்க ஜனம் முழந்தாளிட்டது. கஸ்பார் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடி, சாமியார் உயர்த்திய நற்கருணையைப் பார்க்காமல் சகாயம்மாளின் முகத்தையே பார்த்தார். சர்வேசுரா, மன்னித்துக்கொள்.

சகாயம்மாள் சேலையைக் கூட்டிப் பிடித்து, தண்ணீரில் கால் வைப்பவள் போல மெதுவாக ஒரு முட்டியை ஊன்றினாள். பிறகு மறு முட்டி.

கண்ணை மூடிக் கை குவித்தாள். யாரும் அலறவில்லை.

கஸ்பாரின் கண் நிறைந்துவிட்டது. புல் பிழைத்தது. சாக்குக்கும் சேர்த்து நன்றி சொன்னார்.

சொல்லிக்கொண்டே திரும்பியவர், வேலியோரம் பார்த்துத் திடுக்கிட்டார். இத்தனை ஜனத்தில் ஒரே ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். புது வேட்டி, நெட்டுக்குத்தாக விறைத்த கால்கள்.

ஞானதாஸ்.

சாமி முன்னாலும் முட்டி மடங்காதா இவனுக்கு? சற்று முன் வந்த கண்ணீர் வெட்கமாக மாறிவிட்டது. யார் யார் பார்த்தார்களோ!

கேட்டுவிட வேண்டும் என்றுதான் கஸ்பார் வீட்டுக்குள் நுழைந்தார்.

அங்கே விளக்கடியில் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேட்டி தொடை வரை சுருட்டியிருந்தது. இரண்டு முட்டியும் செக்கச் செவேலென்று வீங்கியிருக்க, அவர் மனைவி மரியபுஷ்பம் ஊசியால் எதையோ நெம்பிக்கொண்டிருந்தாள்.

"சாக்கு எடுத்தது போக மீதியெல்லாம் உங்க மகன் முட்டியில இருக்குதுங்க," என்றாள், தலை நிமிராமல்.

கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேற்று ராத்திரி அவன் குடித்த டீ என்னவென்று இப்போது புரிந்தது.

அன்று குடும்ப ஜெபத்துக்கு மரியபுஷ்பம் மட்டுமே முழந்தாளிட்டாள். அப்பாவும் மகனும் சுவரில் சாய்ந்து, மடக்க முடியாத கால்களை ஒன்றுபோல் நீட்டிக்கொண்டு, மந்திரங்களுக்கு மறுமொழி சொன்னார்கள்.

முடிந்து சிலுவை போடும்போது கஸ்பார் மெல்லச் சொன்னார்:

"அடுத்த வருசம் சாக்கை ரெண்டு தரம் இழுத்துருடா, சாமி."