சீனாக்காரன் ஆக்கிய மீ

அடுப்படியை மறைத்த சாக்குப் படுதாவுக்குள் நுழைந்த உதுமான் பாய் வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை.

பச்சையம்மாள் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பிளைகளோடு உட்கார வேண்டாமென்று அவளுக்கும் கொழுந்தன் குருநாதனுக்கும் கடைக்கோடியில், அடுப்படியை ஒட்டிப் பலகை போட்டுக் கொடுத்திருந்தார் பாய்.

முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். அரியலூரில் இந்தக் கடையைப் பற்றித்தான் இப்போது பேச்சு. ரேஷன் கோதுமை மாவைப் பிசைந்து நூலாக இழுத்து வேகவைத்து, ‘மீ’ என்று போடுகிறார்கள். யுத்தம் முடிந்து மலாயாவிலிருந்து கப்பலேறிய பாய், கூடவே ஒரு சீனாக்காரனையும் கூட்டிவந்து அடுப்படியில் வைத்திருக்கிறாராம். அவனை இன்றுவரை ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை. கூச்சக்காரன், தமிழ் தெரியாது என்பார் பாய்.

அந்தச் சீனாக்காரனை நம்பித்தான் அவள் வந்திருந்தாள்.

அவள் புருஷன் கண்ணையன் மலாயாவில், ஈப்போ டவுனில் ஒரு சீனன் சாப்பாட்டுக் கடையில் எடுபிடியாக இருந்தவன். போய்ப் பத்து வருஷம். யுத்தத்தில் காயிதம் நின்றது. யுத்தம் முடிந்தும் ஆள் வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை கருமாதி செய்து, இவள் தாலியை இறக்கிவிடுவதென்று பங்காளிகள் கூடி முடிவு பண்ணிவிட்டார்கள். அதற்கு முன்னால் சீனாக்காரனை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டுமென்று அழுது அடம்பிடித்து, ரஞ்சன்குடியிலிருந்து குருநாதனை இழுத்துவந்திருந்தாள்.

பாய் வெளியே வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அவளைப் பார்க்காமல் குருநாதனிடம் சொன்னார்.

“தெரியலங்குறான் தம்பி. ஈப்போ என்ன நம்ம ஊரு லப்பைக்குடிக்காடா, எல்லாரையும் எல்லாருக்கும் தெரிய? வந்ததுக்குச் சாப்ட்டுட்டுப் போங்க.”

பச்சையம்மாள் தாலிக்கயிற்றைப் பற்றிக்கொண்டாள்.

கொஞ்சநேரத்தில் இரண்டு பீங்கான் தட்டுகளைப் பாயே உள்ளேயிருந்து வாங்கிவந்தார். “இது அம்மாவுக்கு” என்று ஒன்றை அவள் முன்னால் நகர்த்தினார்.

“மண்புழுவாட்டம் இருக்கு” என்றான் குருநாதன். “தின்னுங்க அண்ணி. அங்கல்லாம் தொரைமாரே இதத்தான் திங்கிறாங்களாம்.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்குச் செவ்வாய் அவள் உப்பு சேர்ப்பதில்லை. கல்யாணமான வருஷம் கண்ணையன் அம்மை கண்டு இழுத்துக்கொண்டு கிடந்தபோது, அவன் உயிருக்காக மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டது. வெளியே சொன்னால் பலிக்காது என்று யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஒரே சட்டியில் தின்ற அவனுக்கு மட்டும் தெரியும். கல்லுடைத்துவிட்டு வரும் செவ்வாய்க்கிழமைகளில், கூழில் உப்பு விழுவதற்கு முன்னால் அவள் பங்கை அவனே தனியாக மொண்டு வைப்பான்.

ஆனாலும் ஒரு வாய் தின்றுபார்க்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசிக் காயிதத்தில் எழுதியிருந்தான். சீனன் சோறு தனி ருசி, வந்ததும் என் கையாலேயே உனக்கு ஆக்கிப் போடுகிறேன்.

ஆத்தா பொறுத்துக்கொள்ளட்டும்.

அள்ளி வாயில் வைத்தாள். சப்பென்றிருந்தது. வெந்த மாவு, வெங்காயம், கொஞ்சம் மிளகாய்க் காரம். இதற்கா டவுனே இப்படி அடித்துக்கொள்கிறது?

“உப்பே இல்லியே தம்பி.”

“எனக்குத் தூக்கலாவுல்ல இருக்கு” என்றான் குருநாதன், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

அவன் தட்டில் ஏதோ கறுப்புச் சாறு மினுங்கியது. அவள் தட்டு வெள்ளையாக இருந்தது.

மெல்வதை நிறுத்தினாள்.

தனியாக மொண்டு வைத்த பங்கு.

படுதாவில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேராக இருந்தது. உள்ளே அதுவரை ஓயாமல் கேட்ட கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

அடுப்படியிலிருந்து அவள் பலகைக்கு இரண்டு எட்டுதான்.

குனிந்து தின்ன ஆரம்பித்தாள். ஒவ்வோர் இழையாக எடுத்துத் தின்றாள். பதினைந்து வருஷம் சம்மட்டி பிடித்த கை, நூல் கனமில்லாததை அறுந்துவிடாமல் தூக்கியது. முன்பக்கம் ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்கார்ந்தது. குருநாதன் தின்று முடித்துக் கைகழுவிவிட்டு வந்தான். தட்டில் பாதியானது. பாதியும் பாதியானது.

படுதா அசையவில்லை.

“கேட்டாச்சுல்ல அண்ணி” என்றான் குருநாதன் மெதுவாக. “மனசத் தேத்திக்குங்க. பஸ்ஸு போயிரும்.”

தட்டில் ஒரு கை அளவு மிச்சமிருந்தது.

“பாய், கொஞ்சம் உப்பு குடுங்க.”

பாய் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். படுதாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கொட்டாங்குச்சியில் கல்லுப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் நிற்காமல் போய்விட்டார்.

ஒரு பிடி அள்ளி மிச்சத்தில் போட்டுப் பிசைந்தாள். நாக்கு வெந்து போகிற மாதிரி கரித்தது. ஒன்று விடாமல் தின்று முடித்தாள்.

பிறகு கிழிசலை நேராகப் பார்த்து, உள்ளே கேட்கட்டுமென்று சொன்னாள்.

“வெள்ளிக்கிழமையே வச்சிக்கலாம் தம்பி.”