வெளிநாடு போன மொஹசின்

2006ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் காலை, புதுவாயல் அப்துல் வாஹித்தின் மகன் மொஹசின் வெளிநாடு சென்று தீவிரவாதக் குழுவில் சேர்ந்துவிட்டதாக ஒரு தொலைக்காட்சி அறிவித்தது. நண்பகலில் ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் அவர் வீட்டுமுன் கூடிக் கோஷமிட்டனர்.

“உண்மையச் சொல்லிடுங்க. போலீசு புள்ளையத் தேடிக்கினு போவப்போவுது,” என்றாள் அப்துல் வாஹித்தின் மனைவி பத்ருன்னிசா.

“சொல்லிட்டு ஜமாத்துல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன்? அதுக்கு இதுவே தேவல.”

“நல்லா இருக்குது உங்க நாயம்.”

அவளே கதவைத் திறந்து, வாசலில் நின்ற அந்தத் தொலைக்காட்சியின் நிருபரை அழைத்தாள்.

“என் புள்ள எந்த நாட்டுக்கும் போவல, தம்பி. கம்பெனியில கூட வேல செஞ்ச கிறிஸ்தவப் பொண்ணக் கட்டிக்கினு திருநின்றவூருல இருக்கான். வெளிநாடுன்னு ஊருக்குச் சொன்னது இவருதான்.”

அப்துல் வாஹித் தலைகுனிந்தார்.

நிருபர் தம் அலுவலகத்துடன் பேசினார். காதல் திருமணம் செய்தியாகாது என்றும், காலைச் செய்தியே இரவிலும் தொடரும் என்றும் முடிவு செய்யப்பட்டது.