சூடு கசியாத கூரை

"ஒரு அடுக்கு போதாது மாப்பிள்ளே. இன்னொண்ணு வைங்க."

"மாமா, மீன் ஏத்துற குளிர்வண்டிக்கே ஒரு அடுக்குதான் வைக்கிறோம்."

"வண்டியில கெடக்கறது செத்த மீனு. இங்க கெடக்கறது என் மகன்."

மாப்பிள்ளை அடுத்த ஃபோம் அட்டையை எடுத்தார். குளிர்வண்டிகளுக்குச் சுவர் அடைக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. பெரியவரின் மகன் பட்டாளத்திலிருந்து ஓடி வந்து, தகரக் கூரைக்கும் மச்சுப் பலகைக்கும் நடுவே பதுங்கிக் கிடந்தான். பிடிபட்டால் நிற்க வைத்துச் சுட்டுவிடுவார்கள். அந்தி சாய்ந்தால் தெருவுக்கு மேலே பறக்கும் கேமரா வந்துவிடும். அதற்கு வெளிச்சம் வேண்டாம், உடம்புச் சூடு போதும்.

"இதைத் தாண்டிச் சூடு போகாதுல்ல?"

"உள்ள பூராவும் காத்துக் குமிழி மாமா. சூடு ஊர்ந்து போக வழி இல்ல. ஆனா அது தாவவும் தாவும். அடுப்புக்கு எதிர உக்காந்தா தொடாமலே முகம் சுடுதே, அந்த மாதிரி. அதுக்குத்தான் இந்த வெள்ளித்தாள். வந்த சூட்டைத் திருப்பி அனுப்பிடும்."

"அனுப்புமாம்!" பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். "தாளையும் ரெண்டா ஒட்டுங்க."

பலகை இடுக்கிலிருந்து மகனின் குரல் வந்தது. "ஏம்ப்பா, என்னை ஐஸ்கட்டியாட்டம் அடைக்கறீங்க?"

"உருகாம கெடடா, அது போதும்."

மாப்பிள்ளை கையை உதறினார். "இவன் படுக்கற மூலைக்குப் போட்டாச்சு. இதோட விட்டுடலாம் மாமா."

"மூலையோட விட்டவன் எல்லாம் மூலையிலதான் மாட்டினான். கூரை முழுக்கப் போடுங்க. ஒரு விரக்கடை விடக் கூடாது."

"அட்டை குறைஞ்சா மேஸ்திரி என்னைக் கேப்பான்."

"அவன் கேட்டா வாயால பதில் சொல்லிக்கலாம். பட்டாளத்தான் வந்து கேட்டா முடியுமா?"

மாப்பிள்ளை மீதி அட்டைகளையும் இழுத்தார். இண்டு இடுக்கெல்லாம் பிசின் ஊற்றி, கூரை முழுவதையும் அடைத்து முடித்தார்.

பெரியவர் பெற்ற பிள்ளையின் பேச்சையே பாதிதான் நம்புவார். அடுப்பில் வேண்டுமென்றே விறகை அள்ளிப் போட்டுவிட்டு, பல் கிட்டும் குளிரில் ஏணி வைத்து ஏறித் தகரத்தைத் தடவிப் பார்த்தார். பிணம் போலச் சில்லிட்டிருந்தது. வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் தொண்டையில் கவளம் இறங்கியது.

அந்தியில் ரீங்காரம் கேட்டது. தலைக்கு மேலே வந்தது, நிற்காமல் தெருக்கோடி வரை போனது.

"தப்பிச்சோம் மாமா," என்று மாப்பிள்ளை மூச்சு விட்டார்.

ரீங்காரம் திரும்பியது. வீட்டுக்கு நேர் மேலே வந்து அசையாமல் நின்றது. சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

வாசலில் துப்பாக்கிக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற அதிகாரி, கையிலிருந்த சின்னத் திரையைப் பெரியவர் பக்கம் திருப்பி, கோபமே இல்லாமல் கேட்டான்:

"பெரியவரே, இந்தக் குளிர்ல அத்தனை வீட்டுக் கூரையும் அடுப்புச் சூட்டுல வெள்ளையாத் தெரியுது. உங்க கூரை ஒண்ணு மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?"