சாயாத கோடு

குடல் அழற்சி தரும் மரபணுக்களே ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் வழிவகுக்கின்றன என்கிறது கணினித் திரையில் ஏறும் கோடு. அது நிற்க வேண்டுமென்று இத்தனை காலம் தவம் கிடந்த ஆராய்ச்சிக்காரி, இப்போது விழாதா என்று கணக்கிலிருந்து ஒவ்வொரு மரபணுவாக நீக்கிப் பார்க்கிறாள். எதை எடுத்தாலும் கோடு சாயவில்லை. "அக்கா, நம்ம கணக்கு சரிதான்!" என்று கூட வேலை செய்பவள் கைதட்டுகிறாள். பேயறைந்தாற்போல இவள் திரும்புகிறாள். இவளைக் கூட்டிப்போக வந்த கணவன் வாசலில் நிற்கிறான். பல வருடக் குடல் அழற்சி நோயாளி. ஒரு கை வழக்கம்போல அடிவயிற்றில். "இன்னைக்கு வயிறு சமத்தா இருக்கு," என்று சிரிக்கிறான். "கைதட்டல் கேட்டுது. ஜெயிச்சிட்ட போல! கை குடு." வயிற்றிலிருந்து எடுத்த கையை நீட்டுகிறான். அவளுடைய கை எழவே மாட்டேன் என்கிறது.