பின்ரூம் நோயாளி

"ஏங்க, அம்மா வீட்டுக் கூரை இந்த மழைக்குத் தாங்காதாம். இங்கிட்டுக் கூட்டிக்கிட்டு வந்து பின்ரூம்ல வச்சுக்குவோமா?"

மனைவி ஞானமணி கேட்டதும் சந்தனராஜ் வாத்தியார் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். மாமியார் இன்னாசியம்மாள் நல்லவர்தான். ஆனால் கட்டுமாவடிக் கடற்கரையில் அலைக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் இங்கே வந்து ஜெபமாலை சொன்னால் ஆலங்குடி கடைத்தெரு முழுக்க எழுந்து உட்காரும். அந்தக் குரலோடு ஒரு மழைக்காலமா?

"பார்ப்போம்" என்றார்.

ஆண்டவர் கைவிடவில்லை. மறுநாளே மாமியாரின் பக்கத்து வீட்டு மைக்கேல்சாமி, அவரைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறவன், கடல் தண்ணீர் டின்னோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். வாத்தியார் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பவர். தண்ணீர் மாமியார் உபயம். இந்தத் தடவை டின்னுக்குள் மஞ்சள் வரிபோட்ட மீன் ஒன்றும் இருந்தது. உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி.

"ஒட்டுண்ணி!" என்றார் வாத்தியார். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "தொட்டியில விட்டா மத்த மீனெல்லாம் போச்சு. பின்ரூம்ல தனியா வச்சு வைத்தியம் பார்க்கணும். அங்கிட்டு ஆள் நடமாட்டமே கூடாது."

"அப்ப அம்மா?"

"மீன் தேறட்டும். ஒடனே கூட்டிக்கிட்டு வந்துருவோம்."

மழை பிடித்துக்கொண்டது. பின்ரூமில் ஒரு மண்தொட்டி. சைக்கிள் டியூபில் காற்றடைத்து, சின்னக் குழாய் வழியே தண்ணீரில் குமிழி விட்டார். ஒட்டுண்ணி உதிர, மீனை உப்பில்லாத கிணற்றுத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தார். மருந்துக்கு மயில் துத்தத்தைப் பொன் நிறுப்பதுபோல நிறுத்துக் கரைத்தார். ராஜா ஆண்ட சமஸ்தானம் போய் நாலைந்து வருஷம் ஆகியும் அந்த மீனுக்கு மட்டும் ராஜ மரியாதை நடந்தது.

வைத்தியம் பலித்துவிட்டது. அதுதான் வினை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் ஒரு புள்ளி அகப்படவில்லை. ஆயுசில் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தோம், அதுவும் நமக்கே எதிராகவா என்று நொந்துகொண்டார்.

"மீன் துள்ளுதே, தேறிருச்சா?" என்று கேட்டபடி வந்தாள் ஞானமணி.

"அது... வால் பக்கம் இன்னும் ஒரு... ஒரே ஒரு..." நாக்கு குழறியது. காது சிவந்தது. "இல்ல. தேறிருச்சு."

"அப்ப அம்மாவை வரச் சொல்லிடுறேன்."

அந்த நேரம் பார்த்து மைக்கேல்சாமி நனைந்துகொண்டே டின்னோடு வந்து சேர்ந்தான். ஞானமணி காப்பி போட உள்ளே போனாள்.

"அத்தை வீட்டுக் கூரை எப்படியிருக்கு?" என்று வாத்தியார் மரியாதைக்குக் கேட்டுவைத்தார்.

"பாதி போயிருச்சு சார். ஒழுகாத மூலை ஒண்ணுதான் பாக்கி. அங்க அடுப்பை வச்சுட்டு, சின்னம்மா சாக்கைப் போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கு."

வாத்தியாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குனிந்து டின்னைத் திறந்தார். உள்ளே இன்னொரு மீன். அதற்கும் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"என்னப்பா இது? வலையில நல்ல மீனே சிக்கலையா?"

மைக்கேல்சாமி அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வலை நெறைய நல்ல மீனுதான் சார். சின்னம்மாதான் தேடித் தேடிப் புள்ளி விழுந்ததாப் பொறுக்குச்சு. போன தடவையும் அப்படித்தான்."

"எதுக்கு?"

"'புள்ளி மீனு அங்க போனா மாப்பிள்ளை பின்ரூமைப் பூட்டிருவாரு. மொத மீனு இந்நேரம் தேறியிருக்கும், எம்மக என்னையக் கூப்பிட ஆரம்பிச்சிருவா. மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது மைக்கேலு, பாவம், தவிச்சுப் போயிருவாரு. ஓடிப் போயி இதைக் குடுத்துட்டு வா'ன்னு சொல்லுச்சு சார்."