மேடாக்கும் மண்

கிணற்றைச் சுற்றியிருந்த வயல் முழுவதும் கிடங்குக்கு வேண்டியிருந்தது. தம்பி தணிகாசலம் மட்டும் கையெழுத்திட மறுத்தான். அவனுக்கு வாரிசு அண்ணன் கன்னியப்பன் ஒருவனே.

“இன்னும் முப்பது வருசத்துக்குக் குடோனுக்குத்தான் கிராக்கி, தம்பி. நெல்லை எவன் தேடி வரான்?” என்றார் தரகர்.

“என் பொணத்து மேல கட்டிக்கோங்க,” என்று கிணற்று விளிம்பில் உட்கார்ந்து சிரித்தான் தணிகாசலம்.

எல்லைக்கல் பிடுங்கக் கன்னியப்பன் கொண்டுவந்திருந்த கடப்பாரை அந்தச் சிரிப்பின்மீது இறங்கியது. தணிகாசலம் கிணற்றுக்குள் சரிந்தான். நகரத்தில் குடியேறிய பின் வயலை எட்டிப் பாராத கன்னியப்பன், தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருந்தான். வறண்ட அடியிலிருந்து எலும்பு நொறுங்கும் சத்தமே வந்தது.

பக்கத்து மனையில் மண் கொட்டிக்கொண்டிருந்த லாரியைத் தரகர் கைதட்டி அழைத்தார். “எப்படியும் மேடாக்கத்தானே போறோம்.”

லாரி பின்னோக்கி வந்து நின்றது. கீழிருந்து, “அண்ணா,” என்று கேட்டது.

கன்னியப்பனின் கை பாதி உயர்ந்து, அங்கேயே நின்றது.