கீழே இருந்த வரி

கம்ப்யூட்டர் தெலுங்கில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றது.

பதில் சொல்லவேண்டிய ஹரிபாபு தெருமுனையில் மேனேஜரோடு போனில் குழைந்துகொண்டிருந்தான். வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது.

இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. விண்டோஸ் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே லினக்ஸையும் ஏற்றப்போகிறானாம். அதில் பழகிக்கொண்டால் திருப்பதி கம்பெனியில் வேலை நிரந்தரமாகுமாம்.

முதல் வாரம் திரை கறுத்துப்போனது. அடுத்த வாரம் பென்டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் மேசையைக் குத்திய சத்தம் எங்கள் வீட்டு மிக்சியைத் தாண்டிக் கேட்டது.

எனக்கென்ன வந்தது? பாலுக்கு உறைமோர் வாங்கத்தான் போனேன். போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

விண்டோஸ் முழுக்க அவன் பெண்டாட்டி தேவயானியின் ராஜ்ஜியம். ஆந்திராவில் இருக்கும் எங்கள் நகரி விசைத்தறிகளுக்குச் சேலைக் கரை டிசைன் போடுகிறவள். நான்கு வருஷ டிசைன் உள்ளே இருந்தது. நாளைக் காலை தறிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பன்னிரண்டும் அதில்தான்.

அவன் படித்தது தெலுங்கு மீடியம். அதனால் லினக்ஸையும் தெலுங்கில் பேசவைத்திருந்தான். அவள் தமிழ்நாட்டுப் பக்கம் பள்ளிப்பட்டிலிருந்து வந்தவள். தெலுங்கு பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு அங்கிருந்தே கத்தினான். "ரெண்டு லைன் இருக்கும் பாரு! பழசுக்குப் பக்கத்துல வைக்கிறதுன்னு இருக்கறத அமுக்கு. இன்னொண்ணு எல்லாத்தையும் அழிச்சிடும்!"

தேவயானி திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எது அக்கா அது? படிச்சி சொல்லேன்."

குனிந்து பார்த்தேன். "கீழே இருக்கறதுதான்."

அமுக்கினாள். நிச்சயம்தானா என்று கேட்பதுபோல் இன்னொரு பெட்டி வந்தது. நான் தலையாட்டினேன். அதையும் அமுக்கினாள்.

ஹரிபாபு திரும்பி வந்தபோது திரையில் ஒரு கோடு நிதானமாக நீண்டுகொண்டிருந்தது. மின்சாரத்தைப் பிடுங்கினான். மறுபடி போட்டுப் பார்த்தான். விண்டோஸ் இல்லை, டிசைன் இல்லை.

காப்பி எடுத்து வைத்த பென்டிரைவ் எங்கே என்று தேவயானி கேட்டாள். லினக்ஸை அதில்தான் ஏற்றியிருந்தான், மகாராஜன். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

அந்தக் கோபத்தையும் அவள் மேலேயே இறக்கினான். "யாரைக் கேட்டு அமுக்கின?"

அவள் கண் என்மேல் வந்து நின்றது.

"நானேதான் அமுக்கினேன்" என்றாள்.

"பக்கத்துலயே அக்கா நின்னுகினு இருக்காங்க. தெலுங்கு பேப்பர் வாங்குற வீடு. ஒரு வார்த்தை கேட்டா இன்னா கொறஞ்சா பூடுவ?"

உறைமோரை வாங்காமலே வந்துவிட்டேன்.

பேப்பர் படிக்கிறவர் என் வீட்டுக்காரர். நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் பஸ் வந்து நின்றால், இது புத்தூர் போகுமா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுகிறேன்.